பக்கத்து வீட்டுக் கேமரா எங்கள் புறவாசலைப் பார்க்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கிணறு, துவைக்கிற கல், குளியலறை எல்லாம் புறவாசலில்தான். பக்கத்து வீட்டு அண்ணாச்சி போன வருஷம் மாடி எடுத்தார். தெருவில் அடுத்தடுத்து இரண்டு பைக் களவு போன பிறகு வீட்டைச் சுற்றி நாலு கேமரா வைத்திருக்கிறார். அதில் ஒன்று மாடிச் சுவரின் மூலையில் இருந்து நேராக எங்கள் புறவாசலைப் பார்த்து நிற்கிறது. குளித்துவிட்டு வெளியே வரவே கூச்சமாக இருக்கிறது. மகள் மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறாள். கேமரா வந்ததிலிருந்து விடியுமுன் இருட்டோடு இருட்டாகக் குளித்துவிடுகிறாள். போன வாரம் அண்ணாச்சி என்னிடம், 'நேத்து பாப்பா வர பத்தரை ஆயிட்டு போல' என்றார். மகன், கேமராவை உடைக்கிறேன் என்று நிற்கிறான். வீட்டுக்காரர், முப்பது வருஷப் பழக்கம், கெடுத்துக்கொள்ளாதே என்கிறார். அவர் வீட்டில் அவர் வைக்கும் கேமராவை நாம் கேள்வி கேட்க முடியுமா? போலீசுக்குப் போகலாமா? நாங்களும் ஒரு கேமரா வைத்துக்கொள்ளலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேள்வி கேட்க முடியும். கேமரா வைப்பது அவர் உரிமை. அதை உங்கள் புறவாசலுக்குத் திருப்பி வைக்க அவருக்கு உரிமை இல்லை. நான் இனிச் சொல்லப்போவது எல்லாம் இந்த வேறுபாட்டை வைத்துத்தான். நீங்கள் கேட்க வேண்டியது 'கேமராவைக் கழற்று' என்பது அல்ல, 'அதன் பார்வையை மாற்று' என்பது. கழற்றச் சொன்னால் அவர் பைக் திருட்டைச் சொல்வார், அதில் நியாயம் இருக்கும். காவல்துறையே 'மூன்றாவது கண்' என்று சொல்லி வீடு வீடாகக் கேமரா வைக்கச் சொல்லும் காலம் இது. பார்வையை மாற்றச் சொன்னால் மறுப்பதற்கு அவரிடம் காரணமே இருக்காது. உங்கள் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவர் வாசலில் நிற்கும் பைக்குக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

அதற்கு முன் உங்கள் மகளிடம் இன்றைக்கே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இருட்டில் கேமராவுக்குக் கண் தெரியாது என்று நினைத்துத்தான் அவள் விடியுமுன் குளிக்கிறாள். இப்போது வீடுகளில் வைக்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு இருட்டிலும் தெரியும். லென்ஸைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்ன விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தைப் பாய்ச்சும். கும்மிருட்டிலும் கறுப்பு வெள்ளையில் படம் தெளிவாகப் பதியும். இரவில் லென்ஸைச் சுற்றி மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் உங்கள் செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள், பல போன்களில் அது வெளிறிய வெளிச்சமாகத் தெரியும். சொன்னால் பிள்ளைக்கு வேதனையாகத்தான் இருக்கும், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். குளியலறை வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே உங்கள் எல்லைக்குள் ஒரு தடுப்பு கட்டிவிடுங்கள். பச்சை வலையோ தென்னந்தட்டியோ எதுவானாலும் சரி. நிரந்தரமாக நீங்கள்தான் மறைந்து வாழ வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. விஷயம் முடிய நாளாகலாம், அதுவரை அவள் நிம்மதியாகக் குளிக்க வேண்டும்.

அடுத்து, அண்ணாச்சி சொன்ன அந்த ஒரு வாக்கியம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்தாலும், வழக்கறிஞராக எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அதுதான். கேமரா பதிவு செய்கிறது என்பது ஒன்று. ஒரு மனிதர் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார், பார்த்ததை வைத்து உங்கள் பெண் எத்தனை மணிக்கு வந்தாள் என்று உங்களிடமே பேசுகிறார் என்பது வேறு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அக்கறையாகவே இருக்கட்டும். வேலைக்குப் போய்விட்டு வரும் பெண்ணின் நேரத்தைக் கணக்கு வைக்க அவருக்கு யாரும் பொறுப்புக் கொடுக்கவில்லை. அவர் அப்படிச் சொன்ன தேதி, நேரம், அவர் பயன்படுத்திய வார்த்தைகள், உடன் யார் இருந்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இனிமேல் இப்படி ஏதாவது சொன்னால் அதையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட அன்றன்றைக்கு எழுதியதற்கு மதிப்பு அதிகம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். அடுத்தவர் வீட்டின் அந்தரங்கத்தை எட்டிப் பார்ப்பது கேமரா வந்த பிறகு முளைத்த வழக்கு அல்ல. அடுத்தவர் சொத்தின் மீது ஒருவருக்குள்ள உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் (Easements Act) முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 18ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஓர் ஊரில், பக்கத்து வீட்டின் அந்தரங்கம் கெடும்படி யாரும் புதிதாக ஜன்னல் வைக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தால், அங்கே வீடு கட்டியவருக்கு அந்த உரிமை வந்துவிடும். சாதாரணமாக வெளியார் பார்வை படாத பகுதியை நோக்கிப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் திறக்கக் கூடாது. 143 வருஷத்துக்கு மேலான சட்டம், உங்கள் புறவாசலைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

ஆனால் இதை மட்டும் நம்பி வழக்குப் போட நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வழக்கம் அந்த ஊரில் இருக்கிறது என்று நிரூபிப்பது வழக்குத் தொடுப்பவர் பொறுப்பு. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888லேயே அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றமோ 19ஆம் நூற்றாண்டில், ஜன்னல் திறந்தது மட்டுமே வழக்குக்குக் காரணம் ஆகாது என்ற பக்கம்தான் சாய்ந்தது. பார்வை படுகிறது என்றால் உன் சுவரை உயர்த்திக்கொள் என்பது அந்தக் காலத்து நியாயம்.

அந்த நியாயம் கேமராவுக்குப் பொருந்தாது என்பதுதான் என் வாதம், நீதிமன்றத்திலும் இதைத்தான் சொல்வேன். ஜன்னலில் ஒருவர் வந்து நின்றால் அவரை நாமும் பார்க்கலாம், முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விடலாம். அவர் போய்விட்டால் அதுவும் தெரியும். கேமராவில் யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. இரவு பகலாகப் பார்க்கும், பார்த்ததைச் சேர்த்து வைக்கும். அண்ணாச்சி தூங்கினாலும் மறுநாள் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். ஊரில் இல்லாவிட்டாலும் அவர் செல்போனில் உங்கள் புறவாசல் தெரியும். அவருடைய மகனோ பேரனோ வெளியூரில் இருந்துகொண்டே அதே ஆப்பில் பார்க்கலாம். எந்த நேரமும் பார்க்கப்படலாம் என்பதாலேயே ஒரு பெண் தன் குளிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்கிறாள். நஷ்டம் என்ன என்று கேட்டால் அந்த மாற்றத்தையே காட்டலாம்.

இதற்கு இன்று பலமான அடித்தளம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அதற்கு முன்பே 1994இல், நக்கீரன் இதழுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் நடந்த ஆட்டோ சங்கர் வழக்கில், ஒரு குடிமகனுக்குத் தன்னைத் தன் போக்கில் விட்டுவிடச் சொல்லும் உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிப்படை உரிமை அரசுக்கு எதிராகத்தானே, பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராக எப்படி என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். 21ஆம் பிரிவின் உரிமையைத் தனி நபருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னதை அங்கே எடுத்து வைக்கலாம்.

கேமரா வழக்குகளும் வரத் தொடங்கிவிட்டன. பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டாரை உளவு பார்க்க விட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் குறிப்பிட்டது. ஒரே வீட்டில் குடியிருந்த அண்ணன் தம்பி வழக்கில், மற்றவர் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைத்தது தனியுரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் முடிவு செய்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அது ஒரே கூரைக்குக் கீழே நடந்த விஷயம், உங்கள் நிலைமை அப்படியே அது அல்ல. இருந்தாலும் அதில் உள்ள நியாயம் உங்களுக்கு உதவும்.

புதிதாக 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறதே, அதில் புகார் கொடுக்கலாமே என்று யாராவது சொல்லலாம். தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்தப் பக்கம் அலைய வேண்டாம்.

போலீஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, ஒரு பெண் தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பும் சூழலில் இருக்கும்போது அவளுடைய அந்தரங்கச் செயலைப் பார்ப்பதையோ படம் பிடிப்பதையோ குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் அந்தரங்கச் செயல் என்பதற்குச் சட்டத்தில் குறுகிய விளக்கம் இருக்கிறது. மறைவிடங்கள் வெளியே தெரியும்படியோ உள்ளாடையோடு மட்டுமோ இருப்பது, கழிப்பறையைப் பயன்படுத்துவது போன்றவை. குளியலறைக்குக் கூரை இல்லாமல் உள்ளே தெரிகிறது என்றாலோ, கழிப்பறை அந்தப் பார்வையில் படுகிறது என்றாலோ இந்தப் பிரிவு நேராக வரும். துவைப்பதும், தலை துவட்டிக்கொண்டு நடப்பதும் அந்த வரையறைக்குள் வராது. பெண்ணின் அந்தரங்கத்தில் ஊடுருவுவதைத் தண்டிக்கும் 79ஆம் பிரிவு இருக்கிறது, அதில் அவமதிக்கும் நோக்கத்தைக் காட்ட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும் உடலின் மறைவிடங்களைப் படம் பிடிப்பதைப் பற்றியதுதான்.

அதனால் கேமரா எந்தப் பகுதியைப் பார்க்கிறது என்று தெரிவதற்கு முன் குற்றப் புகாரோடு கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்றே ஒன்று விதிவிலக்கு. அந்தப் பதிவை அவர் யாருக்காவது காட்டினார், அனுப்பினார், செல்போனில் எடுத்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். நேராக அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பதிவுப் பெட்டியில் இடம் தீர்ந்ததும் பழையதன் மேல் புதியது தானாகப் பதிந்துவிடும், பல வீடுகளில் ஓரிரு வாரத்திலேயே. அதற்குள் அந்தப் பெட்டியைக் கைப்பற்றச் சொல்லிப் புகாரிலேயே எழுதுங்கள். படம் இணையத்தில் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள்.

சரி, அப்படியெல்லாம் இல்லை என்றால் எங்கே தொடங்குவது? பேசுவதில்தான். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. முப்பது வருஷப் பழக்கம் இருக்கிறது என்பதால் பேசாமல் இருக்க வேண்டியதில்லை, பழக்கம் இருப்பதால்தான் போய்ப் பேசவே முடிகிறது. பேசுமுன் குளியலறை வாசல், கிணற்றடி, பின்பக்க ஜன்னல் என்று ஒவ்வோர் இடத்திலும் நின்று கேமராவைப் பாருங்கள். லென்ஸின் நடுக் கறுப்பு உங்களை நேருக்கு நேர் பார்க்கிறது என்றால் நீங்களும் அதில் தெரிவீர்கள். அந்தந்த இடத்திலிருந்து போட்டோ எடுத்து வையுங்கள். உருண்டைக் கூண்டுக்குள் இருக்கும் கேமரா என்றால் வெளியிலிருந்து திசை தெரியாது. என் கட்சிக்காரர் ஒருவர் இப்படி ஒரு கூண்டைப் பார்த்துப் பதறி வழக்குப் போட்டார். ஆய்வுக்கு ஆள் போய்ப் பார்த்தபோது அதில் தெரு மட்டும்தான் தெரிந்தது. அந்த இரண்டு வீடுகளுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. முதலில் திரையைக் காட்டச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதனால் அண்ணாச்சியிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்தத் திரையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான்.

நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து போங்கள், மதினியும் கூட இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித்தான் கேட்பேன்: "அண்ணாச்சி, திருட்டுப் பயம் எங்களுக்கும்தான் இருக்கு, கேமரா இருக்கட்டும். ஆனா மூலைக் கேமராவுல எங்க புறவாசல் தெரியுது. பொம்பளைப் பிள்ளை புழங்குற இடம். அதை உங்க சுவர்ப் பக்கமா இறக்கித் திருப்பி வைங்க." திருப்பினால் தன் சுவர் ஓரம் தெரியாமல் போகும் என்று அவர் சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் பிரைவசி மாஸ்க் என்று ஓர் அமைப்பு உண்டு. திரையில் உங்கள் புறவாசல் வரும் பகுதியை மட்டும் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடலாம். அந்தப் பகுதி பதிவாகவும் ஆகாது. கேமரா பொருத்தியவரைக் கூப்பிட்டால் சில நிமிஷத்தில் செய்துவிடுவார். மைக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். பைக் திருடனைப் பிடிக்க உங்கள் வீட்டுப் பேச்சு யாருக்கும் தேவையில்லை.

மகள் வரும் நேரத்தைப் பற்றி அவர் பேசியதையும் அன்றே நேராகச் சொல்லிவிடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். "பாப்பா எத்தனை மணிக்கு வந்தாங்கிறதை இனிமே நீங்க கவனிக்கக் கூடாது அண்ணாச்சி" என்று சொன்னால் போதும். சிரித்து மழுப்பிவிட்டு வந்தால் அது தொடரும்.

பேச்சில் முடியவில்லை என்றால், இதே கோரிக்கையைக் கடிதமாக எழுதி, போட்டோக்களையும் வைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாள் பாருங்கள். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். கூடவே காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையியல் தகராறில் கேமராவைக் கழற்று என்று உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இரண்டு தரப்பையும் அழைத்து விசாரிக்கும்போதே பல இடங்களில் கேமரா திரும்பிவிடுகிறது, நான் பார்த்திருக்கிறேன். ரசீது இருந்தால், நீங்கள் முறையாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தீர்கள் என்பதற்குச் சான்றாகும்.

வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். வழக்குப் போடாமலேயே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே லோக் அதாலத்தில் எழுதிக் கையெழுத்தாகும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடும் கிடையாது. அக்கம்பக்கத் தகராறுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது. தீர்ப்பு வந்தாலும் அடுத்த நாள் காலையில் அதே முகத்தைத்தானே பார்க்க வேண்டும்.

அதற்கும் அவர் வரவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றம், நீங்கள் முன்சீப் கோர்ட் என்று சொல்வது. இரண்டு பரிகாரம் கேட்க வேண்டும். உங்கள் புறவாசலைப் பதிவு செய்யக் கூடாது என்ற நிரந்தரத் தடையாணை ஒன்று. இருக்கும் கேமராவைத் திருப்பி வை அல்லது அந்தப் பகுதியை மறை என்ற செயலுறுத்துக் கட்டளை மற்றது. வழக்கோடு இடைக்கால மனுவும் போட்டு, நீதிமன்றத்தின் சார்பில் ஆய்வு செய்யும் வக்கீலான அட்வகேட் கமிஷனரை நியமிக்கச் சொல்லுங்கள். அவர் நேரில் போய், அவர்கள் திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்துப் படத்தோடு அறிக்கை கொடுப்பார். இந்த மாதிரி வழக்கின் உயிர்நாடி அந்த அறிக்கைதான். நீங்கள் செல்போனில் எடுத்த போட்டோக்களைச் சான்றாகக் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும், உங்கள் வக்கீல் தயாரித்துக் கொடுப்பார். படம் எடுத்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கேமராவை உடைத்தால் அது சொத்துச் சேதம், அவர் சுவரில் ஏறினால் அத்துமீறல், இரண்டும் குற்றம். உடைப்பது அந்தக் கேமராவிலேயே பதிவாகும். இன்று புகார் சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அவன் ஒரு கல்லை எடுத்தால் அந்த இடம் அண்ணாச்சிக்குப் போய்விடும். தங்கைக்காகக் கொதிக்கும் அவன் மனசு எனக்குப் புரிகிறது. திரையைப் பார்க்கப் போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள், எந்தக் கேமராவில் எது தெரிகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளும் வேலையை அவனிடம் கொடுங்கள்.

கடைசியாக, நீங்களும் கேமரா வைக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக வையுங்கள், ஆனால் பதிலுக்குப் பதிலாக அவர் வீட்டைப் பார்த்து வைக்காதீர்கள். வாசல் கதவுக்கு மேலே வைத்து, உங்கள் நடையும் தெருவின் ஓரமும் தெரிகிற அளவுக்குக் கீழ்நோக்கி இறக்குங்கள். எதிர்வீட்டு ஜன்னல் திரையில் வந்தால் அதை மறைக்கச் சொல்லுங்கள், மைக்கை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு உங்கள் வீட்டாரைத் தவிர யாருக்கும், பொருத்திய ஆளுக்கும்கூடத் தெரியக் கூடாது. அவர் போட்டுக் கொடுத்ததை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.